‘சிக்ஸ் திரீஸ்’ ஐஸ்கிரீம்: பழைய அமெரிக்க ஊர்ச் சமையல் புத்தகத்திலிருந்து ஒரு குறிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன ஐஸ்கிரீம்? பெயரில் ஏன் இத்தனை மூன்று?

பொருட்கள் ஆறு, ஒவ்வொன்றிலும் மூன்று. 3 கப் பால், 3 கப் க்ரீம், 3 கப் சர்க்கரை, 3 எலுமிச்சை, 3 ஆரஞ்சு, 3 வாழைப்பழம். அமெரிக்காவில் தேவாலய மகளிர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் தொகுத்த சமையல் புத்தகங்களில், சிற்சில மாற்றங்களோடு இந்தக் குறிப்பு திரும்பத் திரும்ப வருகிறது. சிலவற்றில் பாலும் க்ரீமும் கிடையாது, அவற்றுக்குப் பதில் 3 கப் தண்ணீர். அது ஷெர்பெட். பாலும் க்ரீமும் சேர்ந்ததுதான் இங்கே நாம் செய்யப்போவது.

முட்டை இல்லை, ஜெலட்டின் இல்லை, எசன்ஸ் இல்லை, அடுப்பும் கட்டாயமில்லை. புளிப்பும் இனிப்பும் பழ மணமும் சேர்ந்து, கடையில் கிடைக்கும் எந்த வகையோடும் ஒத்துப்போகாத ருசி. வாழைப்பழம் தனித்துத் தெரியாது, ஆனால் அதை விட்டுவிட்டால் ஐஸ்கிரீமின் உடம்பே போய்விடும்.

ஊர்ச் சமையல் புத்தகம் என்றால்?

ஒரு காரியத்துக்குப் பணம் திரட்ட, ஊர்ப் பெண்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு குறிப்பு எழுதிக் கொடுத்துச் சேர்த்து அச்சிட்ட புத்தகம். தேவாலயக் கூரை, பள்ளிக்கூடம், மருத்துவமனைப் படுக்கை என்று காரியம் எதுவாகவும் இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது காயம்பட்ட படைவீரர்களுக்கு உதவ ஊர் ஊராக நிதிச் சந்தைகள் நடந்தன. 1864இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த சந்தைக்காக மரியா மாஸ் என்ற பெண்மணி வெளியிட்ட ‘எ பொயட்டிக்கல் குக்புக்’ என்ற நூலைத்தான் இந்த வகையின் முதல் நூலாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். 1901இல் மில்வாக்கியில், புதிதாகக் குடியேறி வந்தவர்களுக்கான சேவை இல்லம் ஒன்றுக்காக லிஸ்ஸி பிளாக் கேண்டர் தொகுத்த ‘செட்டில்மென்ட் குக் புக்’ பிறகு பல பதிப்புகள் கண்டது. 1950இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்தில் ஜூனியர் லீக் என்ற மகளிர் தொண்டு அமைப்பினர் கொண்டுவந்த தொகுப்பு இன்னும் விற்பனையில் இருக்கிறது.

பெரும்பாலான புத்தகங்களுக்கு இந்தப் பேர் கிடைக்கவில்லை. சில நூறு பிரதிகள் அச்சாகி, ஊரைத் தாண்டாமலே பழசாகிப் போனவைதான் அதிகம். ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் கொடுத்தவர் பெயர் இருக்கும். பல புத்தகங்களில் அதுவும் கணவர் பெயர்தான், ‘திருமதி ஜான் இன்னார்’ என்று. சமைத்த பெண்ணின் சொந்தப் பெயரைப் புத்தகம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. இந்தப் பக்கங்களைப் புரட்டும்போது என்னை உறுத்துவது அதுதான். அந்தப் பெண்களிடமிருந்து நம்மிடம் வந்திருப்பது அவர்களுடைய அளவுகள் மட்டும். அதனால்தான் முதல் தடவை செய்யும்போது அந்த அளவுகளை மாற்றாமல் அப்படியே செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குறிப்பு இரண்டே வரிதான் இருக்கிறது. “கலந்து உறைய வைக்கவும்” என்றால் எப்படிச் செய்வது?

அந்தப் புத்தகத்தை வாங்கியவர் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் சுற்றத் தெரியும். வீட்டில் மரவாளியும் கைப்பிடியும் வைத்த இயந்திரம் இருக்கும், கோடையில் அதை மாறி மாறிச் சுற்ற ஆட்கள் இருப்பார்கள். எவ்வளவு உப்பு, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் கைப்பழக்கம். எழுத வேண்டியிருந்தது அளவு மட்டும்தான். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஆகவே விட்டுப்போன வரிகளை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம் அதற்குத்தான்.

3 கப் கணக்கில் செய்தால் எவ்வளவு வரும்? எங்கள் வீட்டில் நாலு பேர்தான்.

உறைவதற்கு முன்பே கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர் இருக்கும். அமெரிக்க வீடுகளில் பரவலாக இருந்த இயந்திரத்தின் கொள்ளளவு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும், ஏனென்றால் சுற்றச் சுற்றக் காற்று ஏறி உப்பும். மூன்றில் இரண்டு பங்கு என்றால் இரண்டரை லிட்டர். குறிப்பின் அளவு அந்தப் பாத்திரத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

நமக்குப் பெரிய வசதி, எல்லாமே மூன்றாக இருப்பதால் மூன்றால் வகுப்பது சுலபம். 1 கப் பால், 1 கப் க்ரீம், 1 கப் சர்க்கரை, 1 எலுமிச்சை, 1 ஆரஞ்சு, 1 வாழைப்பழம். நாலைந்து பேருக்குத் தாராளமாகப் போதும். இனி இந்தப் பக்கத்தில் சொல்லும் அளவெல்லாம் இந்த மூன்றில் ஒரு பங்குக்குத்தான்.

கப் என்றால் எந்தக் கப்? எலுமிச்சை ஒன்று போதுமா?

அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. 1 கப் சர்க்கரை 200 கிராம். கடையில் விற்கும் அளவுக் கப் 240 அல்லது 250 மில்லி இருக்கும், அந்தச் சின்ன வித்தியாசம் ஒன்றும் செய்யாது. வீட்டு டம்ளரில் அளந்தால் பால், க்ரீம், சர்க்கரை மூன்றையும் ஒரே டம்ளரில் அளக்க வேண்டும். டம்ளர் ரொம்பச் சின்னதாக இருந்தால் பழத்தின் பங்கு கூடிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

தடுமாறும் இடம் எலுமிச்சை. அங்கே எலுமிச்சை என்பது தடித்த தோலுள்ள பெரிய மஞ்சள் பழம். ஒன்றைப் பிழிந்தால் 45 மில்லி வரை சாறு வரும். நம் ஊர்ப் பழம் சின்னது, ஆனால் புளிப்பும் வாசனையும் தூக்கல். பழத்தை எண்ணாமல் சாற்றை அளந்துகொள்ளுங்கள், 3 மேசைக்கரண்டி. அதற்கு இரண்டு பழம் ஆகும், வறட்சியாக இருந்தால் மூன்று. ஆரஞ்சுச் சாறு 5 மேசைக்கரண்டி, சுமார் 75 மில்லி. கமலா ஆரஞ்சும் சரி, சாத்துக்குடி மட்டும் வேண்டாம். அதில் புளிப்பு குறைவு, கொஞ்ச நேரத்தில் கசப்பும் தட்டும்.

பிழிந்த சாற்றை வடிகட்டியே சேருங்கள். ஒரு விதை உள்ளே போனாலும் உறைந்தபின் பல்லில் கல்லாக மாட்டும்.

எந்த வாழைப்பழம்?

பழைய புத்தகங்களில் வரும் வாழைப்பழம் இன்று அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் பழம்கூட அல்ல. 1950கள் வரை அங்கே விற்றது பெரும்பாலும் குரோ மிஷெல் என்ற ரகம். பனாமா வாடல் நோய் அந்தத் தோட்டங்களை அழித்த பிறகுதான் கேவண்டிஷ் அந்த இடத்துக்கு வந்தது. நம் ஊரில் மோரிஸ், பச்சைப்பழம் என்று கிடைப்பவை கேவண்டிஷ் வகைதான். தோலில் கரும்புள்ளி விழும் அளவுக்குப் பழுத்த ஒன்று போதும், தோல் நீக்கி 110 கிராம் வாக்கில் இருக்கும்.

ரஸ்தாளி கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன், மணம் அப்படி. இரண்டு பழம் தேவைப்படும். ஏலக்கி என்றால் மூன்று. பூவனில் ஏற்கனவே புளிப்பு இருப்பதால் எலுமிச்சையை ஒரு தேக்கரண்டி குறைக்கலாம். நேந்திரம் வேண்டாம், மாவாக நிற்கும்.

சர்க்கரை ரொம்ப அதிகமாகத் தெரிகிறதே, பாதியாகக் குறைக்கலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. குறைக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தையும் சொல்கிறேன்.

தண்ணீர் 0 டிகிரியில் உறையும். சர்க்கரை கரைந்த தண்ணீர் அதைவிடக் கீழே போனால்தான் உறையத் தொடங்கும். அதுவும் ஒரே மூச்சில் உறையாது. முதலில் உறைவது தண்ணீர் மட்டுமே. மிச்சமிருக்கும் பாகில் சர்க்கரையின் செறிவு கூடிக்கொண்டே போகும், அது உறைய இன்னும் குளிர் வேண்டும். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில்கூட ஐஸ்கிரீமில் ஒரு பகுதி உறையாத பாகாகவே இருக்கிறது. கரண்டி இறங்குவது அந்தப் பாகினால்தான். சர்க்கரையைப் பாதியாக்கினால் பாகு குறைந்து ஐஸ் கூடும். விளைவு, குச்சி ஐஸ் மாதிரி கடிக்க வேண்டிய ஒரு கட்டி.

இன்னொன்றும் உண்டு. குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு மங்கலாகத்தான் தெரியும். கலவையாக இருக்கும்போது நக்கிப் பார்த்தால் திகட்டும், உறைந்தபின் அளவாக இருக்கும். இதில் எலுமிச்சையின் புளிப்பு வேறு இனிப்பை இழுத்துப் பிடிக்கிறது. இந்தக் குறிப்பில் சேர்க்கும் சர்க்கரை மொத்த எடையில் 22 சதவீதம் போல வரும். கடை ஐஸ்கிரீமைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் இத்தனை புளிப்புச் சாறு கடை ஐஸ்கிரீமில் இல்லையே.

கட்டாயம் குறைக்க வேண்டும் என்றால் 200 கிராமில் 30 கிராம் வரை குறைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவருக்காகச் செய்வதென்றால் இந்தக் குறிப்பை வளைப்பதை விட அதற்கென்றே உள்ள வேறு குறிப்புக்குப் போவதுதான் நல்லது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி சேர்த்தால் ஆரஞ்சு மணம் அடங்கிப் போகும்.

எந்தப் பால்? எந்த க்ரீம்?

குறிப்பில் வெறுமே க்ரீம் என்று இருந்தால் கெட்டி க்ரீம் என்று எடுத்துக்கொள்ளலாம். இன்றைய அமெரிக்கக் கணக்கில் அதில் குறைந்தது 36 சதவீதம் கொழுப்பு. அந்தக் க்ரீமும் சாதாரணப் பாலும் சேர்த்தால் மொத்தத்தில் சுமார் 10 சதவீதம் கொழுப்பு வருகிறது. ஐஸ்கிரீம் என்று சொல்லி விற்க அமெரிக்கச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவும் அதே 10 சதவீதம்தான். மூன்று மூன்றாக அள்ளிப் போட்டதுபோல் தெரிந்தாலும் இது தேர்ந்த கணக்கு.

நம் கடைகளில் அட்டைப்பெட்டியில் வரும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு பெரும்பாலும் 25 சதவீதம். அதை வைத்தே செய்யலாம், ஆனால் பால் கொழுப்பு நிறைந்ததாக இருக்கட்டும். 6 சதவீதக் கொழுப்புள்ள ஃபுல் க்ரீம் பால், ஆவினில் ஆரஞ்சு பாக்கெட். பாலை முக்கால் கப்பாகக் குறைத்து க்ரீமை ஒன்றேகால் கப்பாக்கினால் மூலக் குறிப்புக்கு நெருக்கமாக வந்துவிடும். 35 சதவீத டெய்ரி விப்பிங் க்ரீம் கிடைத்தால் எதையும் மாற்ற வேண்டாம்.

கேக் அலங்காரத்துக்கு விற்கும் விப்பிங் க்ரீம் பல சமயம் பால் க்ரீமே அல்ல. தாவர எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்தது. பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். வீட்டில் சேர்த்த பாலாடையும் இதற்கு ஏற்றதல்ல, சுற்றும்போது வெண்ணெய் திரண்டுவிடும்.

எலுமிச்சைச் சாறு ஊற்றினால் பால் திரிந்துவிடாதா?

பனீர் செய்யும்போது பால் சூடாக இருக்கிறது, அதனால் சட்டென்று பிரிகிறது. இங்கே எல்லாமே சில்லென்று இருக்கிறது. க்ரீமின் கொழுப்பும் சேர்ந்திருப்பதால் கலவை மோர்க்குழம்புப் பதத்துக்குக் கெட்டியாகும், அவ்வளவுதான். சாற்றை மளமளவென்று கொட்டினால் மட்டும் சின்னச் சின்னத் திரிகள் தெரியும். பார்க்க நன்றாக இருக்காதே தவிர, உறைந்தபின் வாயில் ஒன்றும் தெரியாது.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. ஆறவைத்த பாலில் சர்க்கரையைப் போட்டு, அடியில் ஒரு மணிகூட நெருடாத வரை கலக்குங்கள். பொறுமை இல்லையென்றால் பாலை வெதுவெதுப்பாக்கிச் சர்க்கரையைக் கரைத்துவிட்டு முழுக்க ஆறவிடலாம். க்ரீமைச் சேர்த்து ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரம் வையுங்கள், முதல் நாள் இரவே வைத்தால் இன்னும் நல்லது. உறைய வைக்கப் போகும் நேரத்தில் வாழைப்பழத்தை உரித்து, நேரே எலுமிச்சைச் சாற்றில் போட்டு மசியுங்கள். புளிப்பு பட்டுவிட்டால் பழம் கறுக்காது. ஆரஞ்சுச் சாற்றையும் அதில் கலந்து, பால் கலவையைக் கிண்டிக்கொண்டே சிறுகச் சிறுக ஊற்றுங்கள்.

இன்னும் பாதுகாப்பான வழி, பால் கலவையை மட்டும் பாதி உறையும் வரை சுற்றிவிட்டுப் பழக்கலவையைச் சேர்ப்பது. அப்போது திரியும் பேச்சுக்கே இடமில்லை.

ஐஸ்கிரீம் மெஷின் இல்லையே?

தூக்குவாளி இருக்கிறதா? அது போதும்.

1843இல் நான்சி ஜான்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி, கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துடுப்பு சுழலும் ஐஸ்கிரீம் வாளிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு ஐஸும் உப்பும் நிறைத்த வாளிக்குள் மூடிபோட்ட உலோகப் பாத்திரத்தை வைத்து, அதன் பிடியைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பி, அவ்வப்போது மூடியைத் திறந்து பக்கவாட்டில் உறைந்ததைச் சுரண்டிச் சுரண்டித்தான் ஐஸ்கிரீம் செய்தார்கள். நம் எவர்சில்வர் தூக்குவாளி அந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கிறது.

ஒன்றரை லிட்டர் தூக்குவாளி வேண்டும். மூடி இறுக்கமாக உட்கார வேண்டும். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதைத் தின்னும். ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியில் இரண்டு அங்குலம் உடைத்த ஐஸ் போட்டு, நன்றாகக் குளிர்ந்த கலவை உள்ள தூக்கை அதன்மேல் வையுங்கள். சுற்றிலும் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு கைப்பிடி கல் உப்பு என்று மாற்றி மாற்றி நிரப்புங்கள். கலவை நிற்கும் மட்டத்துக்குச் சற்று மேலே வரை ஐஸ் வரட்டும், மூடிவரை வரக்கூடாது. மூடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் உப்புத் தண்ணீர் பயம் இல்லை. வாளியைச் சுற்றிக் கோணிச் சாக்கு கட்டுங்கள். பழைய இயந்திரங்களின் வெளிவாளி மரத்தில் இருந்ததும் இதற்காகத்தான், வெளிச்சூடு உள்ளே வராமல் இருக்க.

இனித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூடியையும் விளிம்பையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து, மரக்கரண்டியால் பக்கங்களைச் சுரண்டி நடுவில் தள்ளி, வேகமாக நாலு அடி அடித்து மூடுங்கள். முதல் கால் மணி நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். அப்புறம் பக்கத்தில் கஞ்சியாடை போல ஒட்டத் தொடங்கும், அதன்பின் வேகம் பிடிக்கும். முக்கால் மணி நேரம் ஆகலாம். இட்லி மாவைவிடக் கெட்டியாகி, கரண்டியைத் தூக்கினால் விழாமல் நிற்கும் பதத்தில் நிறுத்துங்கள். தூக்கோடு ஃப்ரீசரில் வைத்து நாலு மணி நேரம் விட்டால் இறுகிவிடும்.

பெரியவர் சின்னவர் என்று நாலு பேர் முறைபோட்டுத் திருப்பினால் களைப்பே தெரியாது. அமெரிக்கக் கிராமங்களில் தேவாலயத்து ஐஸ்கிரீம் விருந்துகள் அப்படி நடந்தவைதான்.

ஐஸ் எவ்வளவு, உப்பு எவ்வளவு? உப்பு எதற்கு?

3 கிலோ ஐஸுக்கு முக்கால் கிலோ கல் உப்பு. அரை கிலோவை முதலில் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பாதி வேலையில் சேருங்கள். தூள் உப்பு சட்டென்று கரைந்து அடியில் இறங்கிவிடும், கல் உப்பு நின்று வேலை செய்யும்.

வெறும் ஐஸின் குளிர் 0 டிகிரி. நம் கலவை உறையத் தொடங்குவதே மைனஸ் 2, 3 டிகிரியில்தான். ஆகவே வெறும் ஐஸில் எத்தனை நேரம் சுற்றினாலும் கலவை சில்லென்று ஆகும், உறையாது. உப்பு சேர்ந்ததும் ஐஸ் உருகத் தொடங்குகிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியிருப்பவற்றிலிருந்து, முக்கியமாக நம் தூக்குவாளியிலிருந்து இழுத்துக்கொள்கிறது. உருகிய உப்புத் தண்ணீர் 0 டிகிரிக்குக் கீழேயும் தண்ணீராகவே நிற்பதால் தூக்கின் பக்கமெல்லாம் இடைவெளி இல்லாமல் குளிர் படுகிறது. ஐஸும் உப்பும் சேர்ந்து போகக்கூடிய எல்லை மைனஸ் 21 டிகிரி. வாளியில் அவ்வளவு தூரம் போகாது, போகவும் தேவையில்லை. வாளியில் தேங்கும் உப்புத் தண்ணீரை வேலை முடியும்வரை கொட்டாதீர்கள், குளிரைக் கடத்துவதே அதுதான். முடிந்தபின் சாக்கடையில் ஊற்றுங்கள், செடிக்கு வேண்டாம்.

ஐஸ் ஃபேக்டரியில் வாங்கும் கட்டி குடிதண்ணீரில் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. அதை வாங்கினால் கலவையில் ஒரு சொட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு ஃப்ரீசரிலேயே டிஃபன் பாக்ஸ்களில் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் சேர்த்தால் 3 கிலோ வந்துவிடும்.

ஃப்ரிட்ஜ் வருமுன் அவர்களுக்கு அத்தனை ஐஸ் எங்கிருந்து கிடைத்தது?

ஏரியிலிருந்து. குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை ரம்பத்தால் அறுத்து, மரத்தூள் போட்டுக் கிடங்கில் அடுக்கிவைத்துக் கோடையில் விற்றார்கள். பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரடெரிக் டியூடர் அதைக் கப்பலேற்றி 1833இல் கல்கத்தாவுக்கும், பிறகு சென்னைக்கும் அனுப்பினார். சென்னையில் அதைச் சேமிக்க 1842 வாக்கில் கட்டிய கிடங்குதான் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம். ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்தப் பகுதிக்கு அப்படி வந்தது. அமெரிக்காவில் தேவாலயத்துப் பெண்கள் ஐஸ்கிரீம் சுற்றியதும் இதே மாதிரி ஏரி ஐஸில்தான்.

தூக்குவாளி வேலையெல்லாம் முடியாது. ஃப்ரீசரில் மட்டும் வைத்துச் செய்யலாமா?

செய்யலாம். அகலமான, ஆழம் குறைந்த டப்பாவில் ஊற்றி வையுங்கள். ஓரம் உறைந்து நடு கூழாக இருக்கும்போது, ஒன்றரை மணி நேரம் போல ஆகும், எடுத்து முள்கரண்டியால் கிளறி அடித்து மறுபடி வையுங்கள். முக்கால் மணிக்கு ஒரு தடவை என்று இன்னும் மூன்று முறை. கடைசித் தடவை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டால் மென்மை கூடும், அதிகம் ஓட்டினால் சூட்டில் உருகிவிடும். தூக்கில் சுற்றியதன் மென்மை இதில் வராது. மெதுவாக உறைவதால் ஐஸ் மணிகள் பெரிதாகின்றன. ஆனாலும் வாழைப்பழம் சேர்ந்திருப்பதால் இந்தக் கலவை மற்றவற்றை விடத் தாங்கும்.

மணல் மணலாக வந்தது / வெண்ணெய்த் துகளாக வந்தது / உறையவே இல்லை. ஏன்?

மணல் போல நெருடினால் ஒன்று சர்க்கரை கரையவில்லை, அல்லது ரொம்ப மெதுவாக உறைந்திருக்கிறது. கலவை முன்பே குளிர்ந்திருக்கவில்லை என்றாலும் அப்படி ஆகும்.

வெண்ணெய்த் துகள் என்றால் கலவை வெதுவெதுப்பாக இருக்கும்போதே வேகமாக அடித்திருக்கிறீர்கள், தயிர் கடைவதுபோல் கடைந்துவிட்டது.

உறையவில்லை என்றால் பெரும்பாலும் உப்புதான் காரணம், தயங்கித் தயங்கிப் போட்டிருப்பீர்கள். இன்னொரு கைப்பிடி சேருங்கள். உப்புக் கரித்தால் மட்டும் மீட்க வழியில்லை.

அதே புத்தகங்களில் பச்சை முட்டை சேர்க்கும் ஐஸ்கிரீம்களும் இருக்கின்றன. அவற்றைச் செய்யலாமா?

எழுதியபடியே செய்ய வேண்டாம். மஞ்சள் கருவை அப்படியே அடித்துக் கலப்பது, வெள்ளைக் கருவை நுரைத்துச் சேர்ப்பது என்றெல்லாம் வரும். சால்மொனெல்லா கிருமி உறைந்தாலும் சாகாது. முட்டை, பால், சர்க்கரையைக் கலந்து சிறு தீயில் கிளறிக்கொண்டே 71 டிகிரிவரை சூடாக்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு அது. வெப்பமானி வாங்கிவிடுவதுதான் நல்லது. அது இல்லாதவர்கள் கரண்டியின் பின்புறத்தில் கலவை ஆடையாகப் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்கும் பதம் என்று பார்ப்பார்கள். அதைத் தாண்டிக் கொதிக்கவிட்டால் முட்டை பொரியலாகிவிடும்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டிய வேறு சில: ஜெலட்டின், மார்ஷ்மெல்லோ, ஜங்கெட் மாத்திரை. முதல் இரண்டும் விலங்கு எலும்பு, தோல் வழி வந்தவை. மூன்றாவது பாலை உறையச் செய்யும் ரென்னெட், பழைய நாளில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்தது. வீட்டுக்கு வீடு மின்சார ஃப்ரிட்ஜ் வரத் தொடங்கிய 1930களின் புத்தகங்களில், சுற்றாமல் தட்டிலேயே உறைய வைக்கும் குறிப்புகளுக்கு மார்ஷ்மெல்லோவை நிறையவே பயன்படுத்தினார்கள்.

குவார்ட், பைன்ட், கில், ஒரு டின்… இதெல்லாம் எவ்வளவு?

அமெரிக்கக் குவார்ட் 946 மில்லி, பைன்ட் 473, கில் 118. பிரிட்டனில் அச்சான புத்தகம் என்றால் பைன்ட் 568 மில்லி, குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘முட்டையளவு வெண்ணெய்’ என்று வந்தால் 50 கிராம் போல எடுத்துக்கொள்ளலாம். பாலை ‘ஸ்கால்ட்’ செய்யவும் என்றால் ஓரத்தில் சின்னக் குமிழி வரும்வரை சூடாக்கி இறக்குவது. ‘ஒரு டின்’ என்று மட்டும் இருந்தால்தான் சிக்கல், ஏனென்றால் டின்களின் அளவு காலப்போக்கில் குறைந்திருக்கிறது. இன்றைய அமெரிக்கக் கண்டென்ஸ்டு மில்க் டின் 397 கிராம். பழைய குறிப்புக்கு அதைவிட ஒரு மேசைக்கரண்டி கூடுதலாகச் சேர்த்தால் சரியாக வரும்.

மாம்பழம், பலாப்பழம் போட்டுச் செய்யலாமா?

நன்றாகவே இருக்கும். ஆனால் அது வேறு ஐஸ்கிரீம். வாழைப்பழத்தின் இடத்தில் மாம்பழக் கூழ் போட்டால் தண்ணீர் கூடும், புளிப்புக் கணக்கும் மாறும், முதலிலிருந்து அளவு போட வேண்டும். ஏலக்காய், குங்குமப்பூ போட்டு இதைக் குல்ஃபியாக்கவும் பலர் ஆசைப்படுகிறார்கள். ஒரு தடவையாவது மூலக் குறிப்பின் ருசியை அறிந்துகொண்டு பிறகு மாற்றுங்கள். மாற்றியதை எழுதிவைக்கும்போது உங்கள் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் வைக்கலாம்?

ஒரு வாரத்துக்குள் சாப்பிடுங்கள். மேற்பரப்பில் ஒட்டினாற்போல் பிளாஸ்டிக் தாள் விரித்து மூடினால் பனி படியாது. பரிமாற 10 நிமிடம் முன்பு வெளியே எடுங்கள். மின்வெட்டில் ஓரம் இளகி மறுபடி உறைந்தால் நெருடும், சாப்பிடத் தடையில்லை. முழுக்க உருகிச் சூடேறிவிட்டால் திரும்ப உறைய வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

இதுபோன்ற பழைய புத்தகங்களை எங்கே பார்க்கலாம்?

அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக நூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ் மூன்றின் இணையதளங்களிலும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், இலவசமாகவே படிக்கலாம். 1930க்கு முன் அமெரிக்காவில் அச்சானவைக்கு அங்கே இப்போது பதிப்புரிமை இல்லை. ஐஸ்கிரீம் பகுதிக்கு நேரே போய்விடாமல் பின்னட்டை விளம்பரங்களையும் பாருங்கள். ஊர் மளிகைக்கடை, ஐஸ் வண்டிக்காரர், பால் பண்ணை என்று அந்த ஊரில் என்னென்ன கிடைத்தது என்பது அதில் தெரியும். குறிப்பில் ‘க்ரீம்’ என்று ஒற்றைச் சொல்லில் விட்டிருப்பது எந்த க்ரீம் என்பதைக்கூடப் பல சமயம் அந்தப் பால் பண்ணை விளம்பரத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.